வராத பெண்ணை எப்படி எண்ணுவது?

தேசிய குடும்ப நல ஆய்வின் நான்காவது சுற்று, 2015-16இல் நடந்தது. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை பற்றி அது தந்த எண் 22.3 சதவீதம். ஐந்தாவது சுற்று 2019-21இல் நடந்தது. அதில் வந்த எண் 1.9 சதவீதம். இரண்டும் இந்தியப் பெண்களைப் பற்றியவை. இரண்டுமே, வாழ்நாளில் ஒருமுறையாவது பரிசோதனை செய்துகொண்டவர்கள் எத்தனை பேர் என்று சொல்பவை.

பத்திரிகைகளில் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, பரிசோதனை சரிந்துவிட்டதாக எழுதினார்கள். கொஞ்சம் நின்று யோசித்தால் இது நடக்கக்கூடிய காரியமே இல்லை என்று தெரியும். 35 வயதில் பரிசோதனை செய்துகொண்ட பெண், 39 வயதிலும் பரிசோதனை செய்துகொண்டவர்தான். வாழ்நாள் கணக்கில் ஒருமுறை ஏறிய பெயர் இறங்குவதில்லை. நான்கைந்து ஆண்டுகளில் அந்தக் கணக்கு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போக வேண்டுமென்றால் ஒரு தலைமுறையே மறைந்திருக்க வேண்டும்.

மாறியது கேள்வி. நான்காவது சுற்றில் கர்ப்பப்பை வாயை எப்போதாவது பரிசோதித்திருக்கிறார்களா என்று கேட்டார்கள். வெள்ளைப்படுதலுக்காக டாக்டரிடம் போனவர், காப்பர் டி போட்டுக்கொண்டவர், பிரசவத்துக்கு முன் நர்ஸ் பார்த்தவர் எல்லோருக்கும் இதற்கு "ஆமாம்" என்று சொல்ல நியாயம் உண்டு. ஐந்தாவது சுற்று புற்றுநோயைக் கண்டறியும் பரிசோதனை என்று குறிப்பாகக் கேட்டது. வயது வரம்பும் மாறியது. முதலில் சொன்ன எண் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுக்கானது. இரண்டாவது 30 முதல் 49 வரை. இரண்டு வேறு கேள்விகளுக்கு வந்த இரண்டு விடைகளை ஒரே கோட்டில் வைத்துப் பார்த்ததுதான் பிழை.

ஐந்தாவது சுற்றின் கேள்வியே நமக்கு வேண்டியது. அதன் விடைதான் மனதை வருத்துகிறது. நூறு பெண்களில் இரண்டு பேர்கூட இல்லை. மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, ஏறக்குறைய 10 சதவீதம். தேசத்தின் சராசரியைப் போல ஐந்து மடங்கு என்று மகிழலாம். பத்தில் ஒன்பது பெண்கள் விடுபட்டார்கள் என்றும் அதே எண்ணைப் படிக்கலாம். நான் இரண்டாவது வகையில்தான் படிக்கிறேன். 2022இல் இந்தியாவில் 1,27,000க்கும் மேற்பட்ட பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் கண்டறியப்பட்டதாகவும், ஏறக்குறைய 80,000 பேர் இறந்ததாகவும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. முன்கூட்டியே கண்டுபிடித்தால் தடுக்கக்கூடிய புற்றுநோய்களின் வரிசையில் முதலில் வைக்க வேண்டிய நோய் இது.

தடுக்க முடியும் என்பதற்குக் காரணம் நோயின் வேகம். ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்கிற எச்.பி.வி. தொற்றுதான் இதன் வேர். 1980களின் தொடக்கத்தில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹாசன் இதை நிறுவினார். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தொற்று வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு அது ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நீங்கிவிடும். சிலருக்குத் தங்கிவிடும். தங்கியது செல்களை மெல்ல மாற்றி, முழுப் புற்றாக வளர்வதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய் வேறு அதிகம் இல்லை. அந்த அவகாசத்துக்குள் ஒரே ஒருமுறை எட்டிப் பார்த்தால்கூடப் பலன் உண்டு.

எட்டிப் பார்க்க என்ன வேண்டும்? கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்கும் பரிசோதனைக்கு ஒரு மேசை, நல்ல விளக்கு, ஸ்பெகுலம் என்ற கருவி, பஞ்சு, மூன்று முதல் ஐந்து சதவீத அசிட்டிக் அமிலம், பயிற்சி பெற்ற ஸ்டாஃப் நர்ஸ், இவ்வளவு போதும். அமிலத்தில் தோய்த்த பஞ்சைக் கர்ப்பப்பை வாயின் மேல் வைத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தை அவசரப்பட்டுக் குறைத்தால் பரிசோதனை வீண். உருமாறத் தொடங்கிய செல்களில் உட்கருவும் புரதமும் மிகுதி. அமிலம் பட்டதும் அந்தப் புரதம் உறைகிறது. முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது வெளுப்பது மாதிரி அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். கண்ணாலேயே பார்த்துவிடலாம். பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை, பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வாங்க மறுபடி பஸ் ஏற வேண்டியதில்லை.

இந்த எளிய முறை உயிரைக் காப்பாற்றுமா என்பதற்கு உலகம் நம்பும் சான்று நம் பக்கத்திலிருந்தே கிடைத்தது. கொங்கு நாட்டின் தென்கிழக்கு ஓரத்தில், ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய சுகாதார மையம் இருக்கிறது. 2000இல் அங்கிருந்து ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் டாக்டர் ஆர். சங்கரநாராயணன், அம்பிளிக்கையின் டாக்டர் ஆர். ராஜ்குமார் ஆகியோர் முன்னின்றார்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் கோவை பி.எஸ்.ஜி. மருத்துவ நிறுவனமும் துணை நின்றன. திண்டுக்கல் மாவட்டத்தின் 114 ஊராட்சிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57 ஊராட்சிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குப் பரிசோதனை, 57இல் வழக்கமான மருத்துவ வசதிகள் மட்டும்.

2007இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. பரிசோதனைப் பகுதியில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்பட்ட இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. மருத்துவ உலகம் இந்த இரண்டு எண்களையும் திரும்பத் திரும்பச் சொல்கிறது. இந்த அத்தியாயத்துக்கு முக்கியமான எண்கள் அதே கட்டுரையில் வேறு இடத்தில் இருக்கின்றன. தகுதியுள்ள பெண்கள் 49,311. வந்து பரிசோதனை செய்துகொண்டவர்கள் 31,343. அதாவது 63.6 சதவீதம்.

49,311 என்ற எண்ணைப் பாருங்கள். ஏறக்குறைய ஐம்பதாயிரம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. வீடு வீடாகப் போய், பெயர், வயது, மணவாழ்க்கை, பிள்ளைகள் என்று எழுதிக்கொண்டு வந்ததால் கிடைத்த எண் அது. எத்தனை பேர் வரவில்லை என்று கேட்டால் கழித்துப் பார்த்து 17,968 என்று உடனே சொல்லிவிடலாம். அந்த 17,968 பேரும் எந்த ஊர், எந்தத் தெரு என்பதும் ஏட்டில் இருந்தது. இந்தப் பட்டியல் இருந்ததால்தான் யார் வந்தார்கள், யார் தயங்கினார்கள் என்று பின்னால் ஆராய முடிந்தது. 30களில் இருந்தவர்களும் பள்ளி சென்றவர்களும் அதிகம் வந்தார்கள். வயது ஏற ஏற வருகை குறைந்தது. புற்றுநோய் வாய்ப்போ வயது ஏற ஏறக் கூடுகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 35 சதவீத இறப்புக் குறைவு என்ற கணக்கில் வராத பெண்களும் சேர்த்தி. பரிசோதனைப் பகுதியில் 83 பேரும் ஒப்பீட்டுப் பகுதியில் 92 பேரும் இந்த நோயால் இறந்தார்கள். எண்கள் அருகருகே இருப்பதாகத் தோன்றலாம். ஒப்பீட்டுப் பகுதியில் பெண்கள் 30,958 பேர்தான் என்பதை நினைவில் வைத்தால் இடைவெளி புரியும். பலனைக் கணக்கிடும்போது அந்த 83 பேரைப் பரிசோதனைக்கு வந்தவர், வராதவர் என்று ஆய்வாளர்கள் பிரிக்கவில்லை, பிரிக்கவும் கூடாது. வந்தவர்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டால், உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டதாகிவிடும். ஊர் முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் ஊருக்கு என்ன பலன் என்று சொல்ல முடியும். அதனால் இந்தப் பலன் பரிசோதனையின் திறமை மட்டும் அல்ல, வருகையும் சேர்ந்தது. நாற்பது சதவீதம் பேர் மட்டும் வந்திருந்தால் அதே அமிலம், அதே விளக்கு, அதே நர்ஸ் இருந்தும் பலன் சுருங்கியிருக்கும்.

ஒப்பீட்டுப் பகுதிப் பெண்களுக்குப் பரிசோதனை தராமல் ஆண்டுக்கணக்கில் கவனித்தது சரியா என்ற கேள்வி இந்த ஆய்வு மீதும், மகாராஷ்டிரத்தின் மும்பையிலும் உஸ்மானாபாத்திலும் நடந்த இதே மாதிரி ஆய்வுகள் மீதும் எழுந்தது. நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். அந்த 92 பேரின் இறப்பும் சேர்ந்துதான் நமக்கு இந்த அறிவு கிடைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் வைத்திருக்க நமக்கு உரிமை இல்லை.

ஆய்வு செய்பவர்களுக்குப் பட்டியல் இருந்தது. அரசுத் திட்டத்துக்கு என்ன இருக்கிறது? தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு எல்லா மாவட்டங்களுக்கும் இந்தப் பரிசோதனை வந்தது. எந்த வேலையாக ஆஸ்பத்திரிக்கு வந்தாலும், 30 வயது தாண்டிய பெண் என்றால் தொற்றாநோய்ப் பிரிவு நர்ஸிடம் அனுப்புவார்கள். அவர் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிட்டு இதற்கும் அழைப்பார். வந்தவர்களின் பெயர் பதிவேட்டில் ஏறும். வராதவரின் பெயர் ஏற அந்தப் பதிவேட்டில் இடமே இல்லை.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் பார்க்கலாம். காங்கயம் பக்கம் 5,000 பேர் வாழும் பகுதிக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்று வைத்துக்கொள்வோம். 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்கள் 1,200 என்று மேலிடம் கணக்குக் கொடுத்திருக்கிறது. ஒரு வருடத்தில் 480 பரிசோதனை. 480ஐ 1,200ஆல் வகுத்தால் 40 சதவீதம். மாதாந்திரக் கூட்டத்தில் பாராட்டுக் கிடைக்கும்.

இப்போது பதிவேட்டை வரி வரியாகப் படிப்போம். 90 வரிகள் ஏற்கெனவே வந்த பெண்களுடையவை. சந்தேகம் என்று திரும்ப வரச் சொன்னவர்கள், வெள்ளைப்படுதலுக்கு மறுபடி வந்தவர்கள். மீதி 390 பெண்கள். அதில் 60 பேர் வெளியூர். அம்மா வீட்டுக்கு வந்த இடத்தில், சந்தைக்கு வந்த இடத்தில் பார்த்துக்கொண்டவர்கள். மீதி 330. அதில் 30 பேர் வயது வரம்புக்கு வெளியே. ஆக இந்தப் பகுதிக்குரிய பெண்கள் 300. இனி வகுக்கும் எண்ணான பகுதி எண்ணுக்கு வருவோம். 1,200 என்பது 2011 மக்கள்தொகைக் கணக்கை நீட்டிப் போட்டது. வீடு வீடாக எண்ணினால் 1,350 வருகிறது, அரிசி ஆலைக்கும் தேங்காய் எண்ணெய் மில்லுக்கும் வேலைக்கு வந்து தங்கிய குடும்பங்கள் சேர்ந்துவிட்டன. அதில் 100 பேர் கர்ப்பப்பையை அறுவை செய்து எடுத்துவிட்டவர்கள், அவர்களுக்கு இந்தப் பரிசோதனை தேவைப்படாது என்று கொள்வோம். 1,250. முந்நூறை அதனால் வகுத்தால் 24 சதவீதம்.

யாரும் பொய் சொல்லவில்லை. நர்ஸ் 480 பேரையும் உண்மையாகவே பார்த்தார். ஆனாலும் 40 என்பது 24 ஆகிவிட்டது. அதோடும் முடியவில்லை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்பது திட்டத்தின் விதி. ஆண்டுக்கு 480 வீதம் ஐந்து ஆண்டுக்கு 2,400 பரிசோதனை. அதை 1,200ஆல் வகுத்தால் 200 சதவீதம். ஊரில் உள்ள எல்லோரையும் இரண்டு முறை பார்த்ததாகக் கணக்குச் சொல்லும். பாதிப் பெண்கள் ஸ்பெகுலத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஊரிலும் இந்த 200 சதவீதம் வரலாம். பரிசோதனைகளை எண்ணுவது வேறு, பெண்களை எண்ணுவது வேறு.

இந்த வேறுபாட்டுக்கு வட ஐரோப்பா கொடுத்த விலை பெரியது. 1960களில் அந்த நாடுகள் அனைத்தும், கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையைத் தொடங்கின. ஐஸ்லாந்தும் பின்லாந்தும் மக்கள் பதிவேட்டிலிருந்து பெயர் எடுத்து ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியாக அழைப்பு அனுப்பின. நார்வேயில் ஒரு மாவட்டம் தவிர மற்ற இடங்களில் பெண் தானாக டாக்டரிடம் போனால் எடுப்பார்கள். 1965க்கும் 1982க்கும் இடையில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு ஐஸ்லாந்தில் 80 சதவீதம், பின்லாந்தில் 50 சதவீதம் குறைந்தது. நார்வேயில் வெறும் 10 சதவீதம். டாக்டருக்கும் பணத்துக்கும் அங்கே பஞ்சம் இல்லை. ஒரே பெண்ணுக்குத் திரும்பத் திரும்பப் பரிசோதனை நடந்தது, இன்னொரு பெண் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இங்கிலாந்திலும் இதே கதை. 1988இல் பெயர்ப் பட்டியல் வைத்து அழைக்கும் முறையைத் தேசம் முழுக்கக் கொண்டுவந்த பிறகு, 42 சதவீதமாக இருந்த பங்கேற்பு 1994இல் 85 ஆனது. அதற்குப் பிறகுதான் நோயும் தெளிவாக இறங்கியது.

அதனால்தான் 2023 நவம்பரில் தமிழ்நாடு எடுத்த முடிவைப் பெரிதாக மதிக்கிறேன். ஈரோடு, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களில், சமுதாய அளவில் ஒழுங்கமைக்கப்பட்ட புற்றுநோய்ப் பரிசோதனை தொடங்கியது. வாய்ப் புற்றுநோய்க்கு 18 வயது தாண்டிய இருபாலரும், மார்பகத்துக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் 30 தாண்டிய பெண்களும் அழைக்கப்பட்டார்கள். களப்பணியாளர்கள் வீட்டுக்கே போய் அழைப்பிதழ் கொடுத்தார்கள். பின்னர் இது மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற ஊரில் ஆஸ்பத்திரியும் வாசலில் வந்து அழைப்பது மரியாதை. கணக்குப் பார்ப்பவருக்கு அதில் இன்னொரு பெரிய லாபம் இருக்கிறது. அழைத்தவர்களின் பட்டியல் கையில் இருக்கும். அழைத்தவர் எத்தனை, வந்தவர் எத்தனை என்று முதல்முறையாக ஓர் அரசுத் திட்டம் பெயர் வைத்துச் சொல்ல முடியும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ஏற்கெனவே பெண் சுகாதாரத் தன்னார்வலர்களை வீட்டு வாசலுக்குக் கொண்டு போயிருந்தது. அந்தப் பழக்கம் இதற்கு அடித்தளம்.

வாசலில் நடக்கும் பேச்சு கொங்கு நாட்டில் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்களே கண்ணு, நான் எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வரோணும்?"

"ஒண்ணும் இல்லாதப்பவே பாத்துக்கோணும்ங்க்கா. வந்ததுக்கப்புறம் பாத்தா லேட்டுங்."

"செரி, இந்த வாரம் மஞ்சள் வெட்டுங்க. அடுத்த வாரம் பாக்கலாம்."

அந்த அடுத்த வாரம் வருவதில்லை. இது அறியாமை என்று நகரத்தில் இருப்பவர்கள் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வலி இல்லை, ரத்தப்போக்கு இல்லை, ஒருநாள் கூலி போகும், தெரிந்த முகம் இருக்கும் ஆஸ்பத்திரியில் உடை களைய வேண்டும். இவ்வளவையும் எடைபோட்டுத்தான் அந்தப் பெண் அடுத்த வாரம் என்கிறார். அவரது பெயர் பட்டியலில் இருந்தால் மறுபடி போய்க் கூப்பிடலாம், ஞாயிற்றுக்கிழமை முகாம் வைக்கலாம், வேறு ஊர் நர்ஸை வரவழைக்கலாம். பெயரே இல்லாவிட்டால் அவர் மறுத்தார் என்பதுகூட யாருக்கும் தெரியாது.

பட்டியல் போடுவது எல்லா ஊரிலும் ஒரே அளவு சுலபம் இல்லை. கோபிச்செட்டிபாளையத்தில் தலைமுறையாக அதே வீட்டில் இருப்பவர்களை எழுதலாம். திருப்பூரில்? பின்னலாடைக் கம்பெனிகளைச் சுற்றிய லைன் வீடுகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் குடும்பங்கள் இருக்கின்றன. ரேஷன் கார்டு ஒரு மாநிலத்தில், ஓட்டு இன்னொரு ஊரில், வேலை இங்கே. கம்பெனி மாறினால் வீடும் மாறும். வாக்காளர் பட்டியலை அடிப்படையாக வைத்தால் அந்தப் பெண்கள் பகுதி எண்ணிலேயே வரமாட்டார்கள். அவர்கள் பரிசோதனைக்கு வராததால் திருப்பூரின் சதவீதம் ஒரு புள்ளிகூடக் குறையாது. கணக்கில் இல்லாதவர் வராமல் போனால் குறையாகவே தெரியாது. வால்பாறை எஸ்டேட் லைன்களிலும், ஓர் இடத்தில் நிலைத்து வாழாத செங்கல் சூளைக் குடும்பங்களிலும் இதே சிக்கல்தான். இவர்களை விட்டுவிட்டுக் கிடைக்கும் உயர்ந்த சதவீதத்தைவிட, சேர்த்துக்கொண்டு கிடைக்கும் தாழ்ந்த சதவீதமே எனக்கு உயர்வாகப் படுகிறது.

கோவை நகரத்தில் சிக்கல் மறுபக்கம். அவினாசி சாலையிலும் ஆர்.எஸ்.புரத்திலும் தனியார் மருத்துவமனையில் மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் பாப் ஸ்மியர் எடுத்துக்கொண்ட பெண்கள் ஏராளம். ரிப்போர்ட் அவர்கள் பீரோவில் இருக்கும். அரசுக் கணக்குக்கு அவர்கள் வராதவர்கள். இதற்குத்தான் குடும்ப நல ஆய்வு மாதிரியான கேள்வி கேட்கும் ஆய்வுகள் உதவுகின்றன. எங்கே பார்த்தாலும் பார்த்ததுதான் என்று அவை எடுத்துக்கொள்ளும்.

ஆனால் அவற்றுக்கும் எல்லை உண்டு. ஒரு மாவட்டத்தில் 30 முதல் 49 வயது வரையுள்ள 400 பெண்களிடம் கேட்டு 10 சதவீதம் என்று விடை வந்தால், உண்மை 7க்கும் 13க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்றுதான் புள்ளியியல் சொல்லும். ஒரே தெருவில் பலரைக் கேட்பதால் இடைவெளி இன்னும் விரியும். பக்கத்து மாவட்டம் 12 என்றால் அது முந்திவிட்டது என்று கொண்டாட இடமில்லை. நினைவும் ஏமாற்றும். முகாமில் ரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகம், கர்ப்பப்பை வாய் எல்லாவற்றையும் ஒரே காலையில் பார்த்துவிட்டு வந்தவர், மூன்று வருடம் கழித்துக் கேட்டால் "சும்மா செக்கப்புங்க" என்பார். உள்ளே பார்த்தது புற்றுநோய்க்கா வேறெதற்கா என்று நர்ஸ் சொல்லாமல் விட்டிருந்தால் அவர் எப்படிச் சொல்வார்? எல்லாவற்றையும்விட, இந்தக் கேள்வியை 49 வயதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தப் புற்றுநோய் அதிகம் தலைகாட்டும் ஐம்பதுகளும் அறுபதுகளும் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. மாதவிடாய் நின்ற பிறகு செல்கள் மாறும் இடம் உள்ளே இழுத்துக்கொள்வதால் அமிலப் பரிசோதனையில் கண்ணுக்கு நன்றாகத் தெரியாது. ஆக அந்த வயதுப் பெண்களுக்கு நல்ல பரிசோதனையும் குறைவு, அவர்களைப் பற்றிய எண்ணும் குறைவு.

பங்கேற்பை அளப்பவர் நோயையும் கூடவே அளக்க வேண்டும். சென்னையில் 1980களின் தொடக்கத்திலிருந்து மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. அன்று லட்சம் பெண்களுக்கு 40க்கும் மேல் இருந்த இந்த நோய், அடுத்த பல ஆண்டுகளில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. பெரிய அளவில் பரிசோதனை வருவதற்கு முன்பே இந்தச் சரிவு தொடங்கிவிட்டது. திருமண வயது உயர்ந்தது, பிள்ளைப்பேறு குறைந்தது, குளியலறையும் தண்ணீரும் வீட்டுக்குள் வந்தன. இதெல்லாம் சேர்ந்து செய்த வேலை. கொங்கு மாவட்டங்களிலும் இதே சமூக மாற்றங்கள் நடந்திருக்கின்றன. நாளைக்கு இங்கே நோய் குறைந்தால் முழுப் பெருமையையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிட முடியாது. குறையாவிட்டாலும் முழுப் பழியையும் அதன்மேல் போட முடியாது. வந்தவர், வராதவர் பட்டியலைப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு பொருத்திப் பார்த்தால் இதைப் பிரித்துச் சொல்லலாம். மாநிலம் முழுவதற்குமான பதிவேட்டைத் தமிழ்நாடு அரசும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் சேர்ந்து நடத்துகின்றன. நோய் வந்த பெண் முன்பு பரிசோதனை செய்துகொண்டவரா, அழைத்தும் வராதவரா, அழைக்கப்படாதவரா என்ற ஒரே கேள்விக்கு விடை கிடைத்தால் திட்டத்தில் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வைத்த இலக்கின்படி, 2030க்குள் 70 சதவீதப் பெண்கள் 35 வயதுக்குள் ஒருமுறையும் 45க்குள் மறுமுறையும் நம்பகமான பரிசோதனை செய்துகொண்டிருக்க வேண்டும். நோய் கண்டவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைத்திருக்க வேண்டும். நம்பகமான பரிசோதனை என்று அவர்கள் சொல்வது எச்.பி.வி. வைரஸைத் தேடும் பரிசோதனையை. உஸ்மானாபாத் ஆய்வில் ஒரே ஒருமுறை செய்த எச்.பி.வி. பரிசோதனை இறப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. இதற்கான மாதிரியைப் பெண் தானே வீட்டில் எடுத்துக் கொடுக்க முடியும். கூச்சம், கூலி, பஸ் எல்லாத் தடைகளும் பாதியாகிவிடும். ஆனால் அது வரும்போது எண்ணுவதில் புதிய பொறி ஒன்று காத்திருக்கிறது. கிட் கொடுத்த வீடுகளை எண்ணிவிட்டு, அதையே பங்கேற்பு என்று எழுதிவிடக்கூடும். கொடுத்த கிட், திரும்பி வந்த மாதிரி, கைக்கு வந்த முடிவு என்று மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

முடிவு வந்த பிறகும் கணக்கு நிற்கக்கூடாது. மறுபடியும் திண்டுக்கல்லுக்கே போவோம். அங்கே புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் கண்டுபிடிக்கப்பட்ட பெண்கள் 1,874 பேர். அவர்களில் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதம். நர்ஸும் டாக்டரும் ஜீப்பும் நிதியும் எல்லாம் கைவசம் இருந்த ஆய்விலேயே நால்வரில் ஒருவருக்கு மேல் கண்டுபிடித்த பிறகும் விடுபட்டார்கள். 63.6ஐ 72ஆல் பெருக்கிப் பாருங்கள். ஊரில் மாற்றம் தொடங்கிய நூறு பெண்கள் இருந்து, பரிசோதனை ஒருவரையும் தவறவிடாது என்றே வைத்துக்கொண்டாலும், சிகிச்சை வரை போய்ச் சேர்கிறவர்கள் 46 பேர். உலக சுகாதார நிறுவனத்தின் 70ஐயும் 90ஐயும் பெருக்கினால் 63.

ஈரோட்டு அழைப்பிதழ்களைப் பற்றிய அறிக்கை கைக்கு வரும்போதெல்லாம் நான் முதலில் தேடும் எண் இந்தப் பெருக்கல் தொகைதான். எத்தனை லட்சம் பேரைப் பரிசோதித்தோம் என்ற வரி முதல் பக்கத்திலேயே இருக்கும். அழைத்தவர்களில் வந்தவர் எத்தனை பேர், வந்தவர்களில் சந்தேகம் கண்டு அனுப்பியவர் எத்தனை பேர், அனுப்பியவர்களில் பெருந்துறை மருத்துவக் கல்லூரியிலோ கோவை ஜி.எச்.சிலோ சிகிச்சை முடித்தவர் எத்தனை பேர் என்பதை வட்டாரம் வட்டாரமாக, வயது வயதாகப் பிரித்து வெளியிட வேண்டும். அந்தியூர் மலையூர்களுக்கு ஒரு வரி, சென்னிமலைத் தறிக்காரர்களுக்கு ஒரு வரி, பெருந்துறை சிப்காட் லைன் வீடுகளுக்கு ஒரு வரி. எண்கள் தாழ்வாக இருந்தால் இருக்கட்டும். தாழ்வாக இருக்கும் வரியில் உள்ள பெயர்களுக்குத்தான் அடுத்த மாதம் தன்னார்வலர் போக வேண்டும்.